அதே சிரப்
காலை வெயில் மருந்துக் கடையின் கண்ணாடி அலமாரியில் சாய்வாக விழுந்து, சிவப்பு சிரப் பாட்டில்களுக்குள் மினுங்குகிறது. மருந்து ஆய்வாளர் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, லேபிளில் உள்ள பேட்ச் எண்ணைப் பார்த்து, அட்டைப்பெட்டிக்குள் இறக்குகிறார். அந்த பேட்ச் குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று அரசு ஆய்வுக்கூடம் நேற்றுதான் கண்டுபிடித்திருக்கிறது. கடைக்காரம்மாள் கையைப் பிசைந்தபடி நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, பக்கத்துத் தெருத் தையல்காரன் காலி பாட்டிலோடு வருகிறான். "அக்கா, இதே சிரப் இன்னொண்ணு குடுங்க. பொண்ணு முகம் சுளிக்காம குடிக்கிறா." இனிப்பாக இருக்கும், பிள்ளை அடம்பிடிக்காது என்று சொல்லி எடுத்துக் கொடுத்தவள் கடைக்காரம்மாள்தான். பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்க்கிறாள். அதே எண். லேபிளில் ஒரு குழந்தை பல் தெரியச் சிரிக்கிறது. "பாப்பா சரியா ஒண்ணுக்குப் போறாளா, தம்பி?" என்று கேட்கிறாள். "நேத்துலேருந்து கம்மிதான். வெயிலாச்சே, அதான்னு விட்டுட்டேன்." ஆய்வாளரின் கை பெட்டியின் மேல் அப்படியே நின்றுவிடுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தானும் கூடப் போக வேண்டும் என்று கடைக்காரம்மாளின் கால் செருப்பைத் துழாவுகிறது. அவன் கண்ணைப் பார்க்க முடியாமல், "நான் குடுத்த மருந்து சரியில்லப்பா" என்கிறாள். "அதனாலென்னக்கா," என்று சிரிக்கிறான் அவன். "வேற நல்லதா நீங்களே பாத்துக் குடுங்க."