கூடத்து விளக்கு

அவர் வேலை பார்த்த லேத் பட்டறையில் அரை நாள்தான் வேலை என்று ஆனதும், வீட்டில் மனைவி ஒரு சட்டம் போட்டாள். பொழுது சாய்ந்தால் எல்லோரும் கூடத்தில்தான். ஒரே விளக்கு, ஒரே மின்விசிறி.

அதிகம் முணுமுணுத்தது மகள்தான். "இது வீடா, ரயில்வே ஸ்டேஷனாப்பா? தம்பி குறட்டை ஒரு பக்கம், அம்மா தையல் மெஷின் ஒரு பக்கம். நான் எங்க உக்காந்து படிக்கிறது?"

முழு நாள் வேலை திரும்பக் கிடைத்த சேதியை அன்று மத்தியானமே போனில் சொல்லிவிட்டார். மாலையில் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மகளின் அறைக்குப் போனார்.

"இனிமே அவங்கவங்க ரூம்ல ஜம்முன்னு இருங்க!"

சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. மகனின் அறையிலும் அதே கதைதான்.

"ரெண்டு பல்பும் போயிடுச்சா? என் நேரம்!" என்று கூடத்திலிருந்தே அலுத்துக்கொண்டாள் மகள்.

ஏறிப் பார்க்கலாம் என்று, டார்ச் தேடி அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தார். அவளது பள்ளிக்கூடக் காலுறைகளுக்குள், உடையாதபடி ஒன்றொன்றாகச் சுருட்டி வைத்த இரண்டு பல்புகள்.

சத்தமில்லாமல் இழுப்பறையை மூடினார்.

"மெதுவா வாங்கிக்கலாம்மா. இப்ப என்ன அவசரம்?"

"அப்போ இன்னைக்கும் கூடம்தானா? எல்லாம் என் தலையெழுத்து!" என்றாள் மகள்.

அவர் கூடத்துக்கு வந்து பார்த்தார். அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் தலையணையைப் போட்டு, அவள் எப்போதோ இடம் பிடித்திருந்தாள்.