உச்சந்தலை முதல் குதிகால் வரை

"அசையாதே! நிமிர்ந்து நில்லு!"

கணக்குப் பிரிவு தாவ் அக்கா அளவு நாடாவின் ஒரு முனையை ஓஜாராவின் குதிகாலுக்கு அடியில் வைத்துவிட்டு, மறுமுனையோடு நாற்காலியில் ஏறினார். அவன் உச்சந்தலைக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"அடேங்கப்பா! இது ஆளா, விளக்குக் கம்பமா?"

"எதுக்குக்கா அளக்கிறீங்க?"

"வெள்ளிக்கிழமை தெரியும். வாயை மூடிக்கிட்டு நில்லு."

ஓஜாராவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. கோட்டு! வெள்ளிக்கிழமையோடு அவனுடைய சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமானால் உகாண்டாவிலிருந்து மனைவியையும் மகளையும் சீனாவுக்கே, இந்த ஷாவ்சிங் நகரத்துக்கே கூட்டிவந்துவிடலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால், துரத்தப்போகிற ஆளுக்கு யாராவது கோட்டுத் தைப்பார்களா என்ன?

அவனுக்குத் தன் உழைப்பின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அந்தக் குடைக் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் பிடிப்பது அவன் வேலை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு ஆபீசே கண்ணயர்ந்துவிடும். உகாண்டாவில், கம்பாலாவில் ஆபீசில் கண்ணை மூடினால் அன்றோடு சீட்டு கிழிந்தது. ஓஜாராவா படுப்பான்? அவன் ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும். ஒவ்வொரு கடைக்காரராகப் போனில் பிடித்துத் தொண்டை வறள வியாபாரம் பேசுவான்.

இருட்டில் தாவ் அக்கா தலையைத் தூக்கி அவனையே பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். பாவம், இப்படி உழைக்கிற பிள்ளையை அவர் எங்கே பார்த்திருப்பார்! சாயங்காலக் கூட்டத்தில் அவன் பிடித்த ஆர்டர்களைப் படிக்கும்போது மேனேஜர் ஷென்னுக்குக் கண்கள் சிவந்து கலங்கியே இருக்கும். ஓஜாரா உருகிப்போவான்.

அன்று ராத்திரி மனைவிக்குப் போன் போட்டான்.

"அபெர், எனக்குக் கோட்டுத் தைக்கிறாங்கடி!"

"தோள் அளந்தாங்களா?"

"இல்ல."

"இடுப்பு?"

"அதுவும் இல்ல. உச்சந்தலையிலேருந்து குதிகால் வரைக்கும் ஒரே இழுப்பு."

"கோட்டுக்கு எவன்யா அப்படி அளப்பான்? சவப்பெட்டிக்குத்தான் அப்படி அளப்பாங்க!" அபெர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாயைக் கழுவுடி!" என்று அவனும் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விளக்கை யாரும் அணைக்கவில்லை. ஆபீசே அவன் மேசையைச் சுற்றி நின்றது. மேனேஜர் ஷென் தொண்டையைக் கனைத்தார். ஓஜாரா எழுந்து நின்றான்.

"தம்பி, இப்படி ஆர்டர் பிடிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல. வேலை நிரந்தரம். குடும்பத்தைக் கூட்டிட்டு வா!"

அவ்வளவுதான். ஓஜாரா ஒரே பாய்ச்சலில் மேனேஜரை அலாக்காகத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றினான். அவர் மூக்குக் கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது.

"இறக்குடா! தலை சுத்துது! இன்னொண்ணும் இருக்கு. எல்லாரும் சேர்ந்து உனக்கு வாங்கினது. உன் நீளத்துக்கு எந்தக் கடையிலயும் கிடைக்கல, சொல்லித்தான் செய்ய வேண்டியதாப் போச்சு."

இரண்டு பேர் சிவப்புக் காகிதம் சுற்றிய எதையோ தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளுயர நீளம். தரையில் வைத்தபோது 'டங்' என்றது. கோட்டு எங்கேயாவது டங்கென்று சத்தம் போடுமா? அபெர் சொன்னது ஞாபகம் வந்து அவனுக்கு வேர்த்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தைக் கிழித்தான். கண்ணைத் திறந்தால் மடக்குக் கட்டில்! எல்லார் மேசைக்கு அடியிலும் இருக்கிற அதே கட்டில்தான், நீளம் மட்டும் ஜாஸ்தி. கூடவே ஒரு தலையணையும் கண்ணுக்குக் கட்டிக்கொள்ளக் கறுப்புத் துணியும்.

ஓஜாரா கட்டிலைத் தடவித் தடவிப் பார்த்தான். என்ன பாசம், என்ன பாசம்!

"எதுக்குக்கா எனக்கு இதெல்லாம்? இந்த மூணு மாசத்துல ஒரு நாளாவது மத்தியானம் நான் தூங்கினேனா?"

தாவ் அக்கா இரண்டு கையையும் எடுத்து அவனைக் கும்பிட்டார்.

"நாங்க மட்டும் தூங்கினோமாடா, தம்பி?"