ரூபனோட தலை

காட்டுல அடிபட்டவங்களுக்கு முதலுதவி பண்றதுக்கு ரெண்டு நாள் ட்ரெய்னிங் போனோம், நானும் ரூபனும். மேலேர்ந்து விழுந்தவனுக்குக் கழுத்தெலும்பு ஒடஞ்சிருக்கலாம், தலைய ரெண்டு கையாலயும் அசையாம பிடிக்கணும், அவனே "எனக்கு ஒண்ணுமில்ல, விடு"ன்னாலும் விடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. போன மாசம் ட்ரெக்ல ரூபன் பாறைலேர்ந்து வழுக்கி மல்லாக்க விழுந்தான். ஓடிப்போய் தலையப் பிடிச்சுக்கிட்டேன். மத்தவங்க ஆள் கூட்டிட்டு வர கீழ இறங்கிட்டாங்க. ஒரு மணி நேரம் இருக்கும். "டேய், உன் கை ஊறுகா நாத்தம் அடிக்குது. மூக்கு வேற அரிக்குது. கால் விரலு ஆடுது பாரு, ஒண்ணுமில்லடா"ன்னான். ஆடிச்சு. "சர்டிஃபிகேட் குடுத்தாலும் குடுத்தாங்க, ரொம்பத்தான் பண்ற"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கைய எடுத்துட்டேன். அவன் தலையத் தூக்கி என்னப் பாத்தான். அதுக்கப்புறம் விரல் ஆடல.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவங்கம்மா கேரியரத் திறந்து எனக்குத்தான் முதல்ல போடறாங்க. "ஆள் வர்ற வரைக்கும் நீ கைய எடுக்கவே இல்லியாமேப்பா, ரூபன் சொன்னான்"ங்கறாங்க. ரூபன் மேல சுத்தற ஃபேனையே பாத்துட்டுப் படுத்திருக்கான். இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கிட்டேன்.