ஒரு மிடறு

குழந்தை அழத் தொடங்கியபோது கூஸ்கூஸ் ரவை வேகவைக்கும் பானையில் முதல் ஆவிகூட எழவில்லை. இப்போது காய் வெந்து, இறைச்சி வெந்து, பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையும் முடிந்துவிட்டது. அழுகை மட்டும் முடியவில்லை.

கிஸ்லான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு.

தோளில் போட்டுத் தட்டினாள். மடியில் கிடத்தி ஆட்டினாள். பாடினாள். பாட்டு மறந்த இடத்தில், வாங்கவேண்டிய மளிகைச் சாமான்களை அதே ராகத்தில் பாடினாள். கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

பிறந்து இருபத்தாறு நாள். அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இத்தனை சத்தம் எங்கே இருந்ததோ.

மறுபடியும் சுவரோரத்து இருக்கையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். அவன் வாயால் துழாவிப் பிடித்தான். நாலு தடவை உறிஞ்சினான். பிறகு தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, முன்னைவிட உரக்க அழுதான்.

எதிரே அவள் தங்கை துரியா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஐந்து மாதப் பெண் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. துரியாவின் சட்டை மார்பில் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. எந்தக் குழந்தை அழுதாலும் அவளுக்குப் பால் சுரந்துவிடுகிறது.

"குடு அக்கா. ஒரே ஒரு தடவை."

"எனக்கு வரும்."

"நீயும் ஒம்பது நாளா இதையேதான் சொல்றே. அவன் பாவம் இல்லையா?"

கிஸ்லான் அவனை மறுதோளுக்கு மாற்றிப் போட்டாள். இத்தனை நாளும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் உறிஞ்சும் கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிப் புட்டியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்தயமும் கோழியும் சேர்த்து, பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும் ரஃபீஸாவைத் தானே சமைத்துத் தானே தின்றாள். இதுவரை துணியில் ஓர் ஈரப் புள்ளி விழுந்ததில்லை.

தொழுகைக்குப் போகும் முன் அவள் கணவன் இத்ரீஸ் மாவுப்பால் கலந்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"புட்டியக் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல அடங்கிடுவான் கிஸ்லான்."

"வயிறு நிறைஞ்சிடுச்சுன்னா அப்புறம் என்கிட்ட வாய் வைக்கமாட்டான்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். ஒன்பது நாளில் அவனும் களைத்திருந்தான்.

கீழே துரியாவின் கணவன் கார் கூரையில் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். தெத்துவானிலிருந்து துறைமுகத்துக்கு ஒரு மணி நேரம். சாயங்காலக் கப்பலில் ஏறினால் நாளைக்கு ஸ்பெயினில் அவர்கள் வீடு. இனி அடுத்த கோடையில்தான் வருவார்கள். அதற்குள் துரியா பெண்ணுக்குப் பால் மறக்கடித்திருப்பாள்.

திடீரென்று குழந்தையின் குரல் மாறியது.

கோபம் போய்விட்டது. தொண்டை கட்டி, பூனைக்குட்டி போல் மெல்ல அனத்தினான். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. வராமலே அழுதான்.

அதுவரை அவன் அழுததையெல்லாம் தாங்கியவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

எழுந்து போய்த் தங்கையின் கைகளில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவள் கைகள் அப்படியே ஏந்தியபடி நின்றன.

துரியா பிஸ்மில்லாஹ் சொல்லி அவனை அணைத்துக்கொண்டாள். அவன் ஒரே பிடியாகப் பிடித்தான்.

வீடு அமைதியானது. அடுப்பில் பானை கொதிக்கும் ஓசை அப்போதுதான் காதில் விழுந்தது.

பிறகு இன்னொரு ஓசை. அந்தச் சின்னத் தொண்டையில் ஏதோ இறங்கியது.

துரியா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இறங்கிடுச்சு அக்கா. இனிமே நீ இவனுக்குப் பெரியம்மா."

கிஸ்லான் தலையாட்டினாள். பதினான்கு வருஷத் திருமணத்தில் அவள் வயிற்றில் எதுவும் தங்கியதில்லை. ஒன்பது நாளுக்கு முன் நீதிபதி எதிரே கையெழுத்துப் போட்டு, குழந்தைகள் இல்லத்திலிருந்து இவனை வாங்கி வந்தாள். வளர்க்க மட்டும்தான் அந்தக் கையெழுத்து. மார்க்கப்படி உறவாக்க அதனால் முடியாது. பாலால்தான் முடியும். ஒரு மிடறு போதும் என்று இமாம் சொல்லியிருந்தார். அந்த ஒரு மிடறுக்காகத்தான், இல்லத்தில் பெயர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, இவன் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே மாத்திரை தின்றாள்.

அவளுடைய மிடறாக இருந்திருந்தால் அவனுக்கு அவள் தாய். தங்கையுடையது என்பதால் தங்கை தாய், இவள் பெரியம்மா.

அதுவும் இல்லையென்றால் இவன் அவளுக்கு அந்நிய ஆண்; மீசை முளைக்கும் நாளில் தன் வீட்டிலேயே தலையை மூடிக்கொண்டுதான் இவனுக்குச் சோறு போட்டிருப்பாள்.

கீழேயிருந்து துரியாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் குழந்தையை மெல்ல விடுவித்து அக்காவிடம் நீட்டினாள்.

கிஸ்லான் வாங்கவில்லை. அவன் உதட்டோரத்தில் வழிந்த பாலை விரலால் துடைத்தாள்.

"பாதி வயிறுதான் நிறைஞ்சிருக்கும். மறுபக்கமும் குடுத்துட்டுப் போ."