உள்ளே சொன்னது

குளியலறைக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மகள் குளித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. தண்ணீர்ச் சத்தம் நிற்கும்போதெல்லாம் குரல் வரும்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டி சுடரு."

மறுபடி தண்ணீர்.

வெளியே நல்ல வெயில். சனிக்கிழமை. மூன்று மணிக்குச் சுடரின் அப்பா வந்து காத்திருப்பான். மாதம் இரண்டு சனிக்கிழமை, குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில், இரண்டு மணி நேரம். தீர்ப்பில் அப்படித்தான் இருந்தது.

இதுவரை இரண்டு முறை போயாயிற்று. இரண்டு முறையும் சுடர் அவனிடம் போகவில்லை. அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவன் அறையின் அந்தக் கோடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். கிட்டே வரவில்லை. அங்கிருந்த பெண் ஊழியரிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"கதவைச் சாத்தாதீங்கம்மா. பாப்பா பயப்படும்."

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உறையூரில் சேர்ந்திருந்த காலத்தில், ஒரு நாள் குளியலறைத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. உள்ளே சுடர். கரண்டும் இல்லை. இருட்டில் பத்து நிமிடம் கத்தினாள். அவன்தான் கதவை உதைத்து உடைத்தான். கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டினான்.

நடந்தது அவ்வளவுதான்.

பிறகு விவாகரத்து. அவனுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. பிள்ளையைத் தன்னோடு அனுப்பும்படி மனுப் போட்டிருந்தான்.

அவளுடைய வக்கீல் கற்பகவல்லி சொன்னார். "ஜட்ஜம்மா பாப்பாவைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுவாங்க. அது என்ன சொல்லுதோ, அதுக்கு ரொம்ப மதிப்பு."

புனே எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு வரைபடத்தில் பார்த்தாள்.

ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினாள். 'மாட்டிக்கொண்டது' என்பதை, 'பூட்டினார்' என்று.

தலை வாரும்போது சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது சொன்னாள். "அப்பா உன்னைய உள்ள வச்சுப் பூட்டினாருல்ல? நீ கத்தினேல்ல?"

சுடர் முதலில் விழித்தாள்.

பிறகு தலையாட்டினாள்.

நீதிபதியின் அறைக்குள் கால் மணி நேரம் இருந்தாள். வெளியே வந்தபோது அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயித்தாயிற்று. இனிமேல் அந்தப் பேச்சே வேண்டாம் என்று நினைத்தாள்.

சுடர் விடவில்லை.

"அப்பா சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரும்மா."

இன்னொரு நாள், "வெளிய நின்னு சிரிச்சாரு."

அந்தக் கதவுக்குச் சாவியே கிடையாது.

போன வாரம் கற்பகவல்லிக்குப் போன் செய்தாள். சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். வக்கீல் சொன்னார், "இப்பப் போய் மாத்திச் சொன்னீங்கன்னா, பிள்ளை உங்ககிட்ட இருக்காது. யோசிச்சுக்குங்க."

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"அன்னிக்கு நான் உள்ள கத்துனப்போ நீ எங்க இருந்த?"

"வெளியிலதான். கதவுகிட்ட."

"அப்புறம் ஏன் நீ தொறந்துவிடல?"

அவள் எழுந்தாள். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையைச் சுற்றிப் போர்த்தினாள். ஈரத் தரையில் மண்டியிட்டாள்.

சொல்லிவிட்டாள்.

யாரும் பூட்டவில்லை. தாழ்ப்பாள்தான் மாட்டிக்கொண்டது. கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது அப்பா. மாற்றிச் சொல்லிக் கொடுத்தது அம்மா. அம்மா சொன்னது பொய்.

வேண்டுமானால் ஜட்ஜம்மாவிடமே போய்ச் சொல்கிறேன் என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சுடர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது.

பிறகு சின்னக் கையால் அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். வாசல் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"இப்படிச் சொல்லச் சொல்லி அப்பா மிரட்டினாராம்மா?"