மேல்காற்று

மொட்டைமாடியில் தையல்காரி துணி எடுக்கிறாள். மூன்று மாதமாக ஓயாத மேல்காற்று. கொடியில் கிளிப்புகள்கூடக் கிழக்கு ஓரத்தில் போய் ஒண்டியிருக்கின்றன. கிழக்கே இரண்டு வீடு தள்ளி அக்காவின் மாடி. இவள் பேசினால் காற்று அங்கே கொண்டுசேர்த்துவிடும். அக்காவின் பேச்சு எதிர்க்காற்றில் இங்கே வராது. அதனால் அக்கா மஞ்சள் துண்டை ஆட்டித்தான் பதில் சொல்வாள்: ஒருமுறை ஆட்டினால் ‘ஆமாம்’, இரண்டுமுறை என்றால் ‘போடி, வேலையப் பாரு’. அக்கா போய்ச்சேர்ந்து ஒரு மாதமாகிறது. இவள் வாய்க்குத்தான் அது இன்னும் தெரியவில்லை. “சாப்பிட்டியாக்கா?” என்று கேட்டுவிடுகிறது. அந்த மாடியில் புதிதாகக் குடிவந்தவள் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கிறாள். ஏதோ சொல்கிறாள், வாய் அசைவது மட்டும் தெரிகிறது. காதில் விழவில்லை என்று இவள் கைகாட்டுகிறாள். அவள் கொஞ்சம் யோசித்து, பிழிந்துகொண்டிருந்த நீலத் துண்டைத் தூக்கி ஒருமுறை ஆட்டுகிறாள். தையல்காரி இரண்டாவது ஆட்டுக்காகக் காத்து நிற்கிறாள்.