அக்காவின் கை மேல் பழி

அக்காவின் சக்கர நாற்காலியை எடுத்துக்கொண்டு போக ஆள் வந்துவிட்டான்.

பேட்டரியில் ஓடும் நாற்காலி. கைப்பிடியில் இருக்கும் சின்னக் குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் போகும். நான்கு வருடமாக அக்கா யார் தயவும் இல்லாமல் வெளியே போய் வந்தது இதில்தான்.

பதினோரு நாளைக்கு முன்னால், வாசல் சரிவில் அது திடீரென்று பாய்ந்தது. அக்கா மடியில் இருந்த பாப்பா முன்னால் விழப்போனாள். பக்கத்தில் நின்ற நான் தாவிப் பிடித்தேன். நெற்றி தரையில் இடித்து, மூன்று தையலோடு போயிற்று.

"மச்சான் மட்டும் இல்லன்னா இன்னைக்கு எம்புள்ள இல்ல" என்று மாமா, அக்காவின் கணவர், போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். தெருமுனைக் கடைக்காரர் எனக்கு டீயில் சர்க்கரையைத் தூக்கலாகப் போடுகிறார்.

அக்கா தன் கையைத்தான் குறை சொல்கிறாள். காலில் தொடங்கிய நோய் ஒரு நாள் கைக்கும் வரலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். வந்துவிட்டது என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதித் தரும் வேலையை நிறுத்தினாள். டாக்டர் சோதித்துப் பார்த்து கையில் ஒன்றுமில்லை என்றார். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றாள். அன்றிலிருந்து பாப்பாவைத் தூக்கவே இல்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி ஓட்ட முடியாது, நாற்காலியை விற்றுவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டாள்.

அவள் கை மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் கட்டுமான இடத்தில் கிரேனுக்கு வாக்கி-டாக்கியில் சிக்னல் கொடுப்பவன். அதன் பொத்தானை அழுத்தும்போது கிளம்பும் அலை, பக்கத்தில் உள்ள மின்னணு இயந்திரத்தைக் குழப்பித் தானாக ஓட வைத்துவிடும். கிரேன் பெட்டி அருகே அழுத்தாதே என்று பலகை எழுதி மாட்டியதே நான்தான்.

அன்று அதை இடுப்பில் செருகிக்கொண்டே அக்கா வீட்டுக்கு வந்தேன். அழுத்தினால் 'டிங்' என்று சத்தம் வரும். அதற்குப் பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். நாற்காலியை ஒட்டி நின்று, அவள் சிரிக்கட்டும் என்று அழுத்தினேன்.

அப்படி இருக்காது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முந்தாநாள் எல்லோரும் தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஆளில்லாத நாற்காலியின் பக்கத்தில் நின்று அழுத்தினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் பாய்ந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் மாமா என் தோளைத் தட்டிக் கொடுத்துவிடுகிறார். நானும் மூடிக்கொள்கிறேன். கோழைப் பயல்.

மரநாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் பாப்பாவை வைத்துவிட்டு, மாமா சக்கர நாற்காலியை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுக்கப் போனார். அக்கா பதறிப்போய்ப் பாப்பாவை அப்படியே தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்கடா. உன் கையத்தான் நம்பலாம்."

பத்து கிலோ பிள்ளை. நீட்டிய கைகள் துளிகூட நடுங்கவில்லை.

நான் வாங்கிக்கொண்டேன்.